ஜெர்சிக்கு அப்ரூவல் ஆன சாப்பாடு

பூனைத் தீனி விக்கற தொழில்ல ஒரு பெரிய சங்கடம், பணம் குடுத்து வாங்கறவர் ஒருத்தர், மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கறவர் இன்னொருத்தர். ஊட்ல பூனை வெச்சிருக்கற புண்ணியவான்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லைங்க. உங்க சமையல்கட்டுலயும் பாதி காலியான பாக்கெட் நாலு கிடக்கும், எனக்குத் தெரியும்.

எங்க பனியன் ஊர்ல, ராயபுரத்துல இந்தக் கடை போடறதுக்கு முன்னாடி பதினோரு வருஷம் எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசரா, அதாவது சாம்பிள் காட்டி பையர்கிட்ட ஓகே வாங்கறவளா இருந்தவ நான். ஒரே நீலத்துல ஒம்பது நீலம் பாக்கற வெளிநாட்டு பையரையே சரின்னு சொல்ல வெச்சிருக்கேன். மூணு கிலோ பூனை எம்மாத்திரம்? எந்தப் பூனைக்கும் தோதான சாப்பாடு என் அலமாரியில இருக்குன்னு போர்டு எழுதாத குறையா நம்பிட்டிருந்தேன். ஜமால் பாய் வர்ற வரைக்கும்.

சாம்பிள் ஓகே

ஜமால் பாய்க்கு செகண்ட்ஸ் வியாபாரம். கம்பெனிக கழிச்சுக் கட்டுற பனியனை வாங்கி விக்கறவர். அவரு சம்சாரம் நூர்ஜஹான், உடுமலைப்பேட்டையில அவங்க அம்மாவுக்குக் கால் ஆபரேஷன்னு நாப்பது நாளைக்குக் கிளம்பிப் போயிட்டாங்க. போகும்போது தன்னோட பூனையை இவர் கையில ஒப்படைச்சுட்டுப் போயிருக்காங்க. சிங்கிள் ஜெர்சிங்கற பனியன் துணி ரோல் மேல குட்டியாக் கிடந்து கிடைச்சதால பேரு ஜெர்சி. லேசுல வயிறு கெட்டுப் போகும், அதுக்கு மேல ஏகப்பட்ட பிகு. பாய்க்கோ சுடுதண்ணி வெக்கறதுகூடக் கொஞ்சம் யோசிச்சுத்தான் வரும். அதனால நேரா என் கடைக்கு வந்துட்டார்.

மூணு சாம்பிள் பாக்கெட் குடுத்தேன். கோழி வாசம் அடிக்கறதை ஜெர்சி தட்டு பளபளங்கற அளவுக்கு நக்கிடுச்சாம். உடனே பத்துக் கிலோ மூட்டையை ஸ்கூட்டர் முன்னாடி வெச்சுட்டுப் போனார். நாலாம் நாள் அதே மூட்டையோட வந்து நின்னார். ரெண்டு தடவை வாந்தி, வயித்தாலயும் போகுது, இப்பக் கிட்டயே வரமாட்டேங்குது.

"சாம்பிள் ஓகேதானுங்க அம்மணி, பல்க்தான் ரிஜெக்ட்."

அடுத்த சாம்பிள், அதுக்கடுத்த சாம்பிள்

கம்பெனியில கலர் ஒத்து வரலைன்னா வேற சாயம் போட்டு வேற துணித் துண்டு அனுப்பறதுதான் எங்க பழக்கம். அதையேதான் இங்கயும் பண்ணினேன். கோழி போச்சா, சூரை மீன். சூரை போச்சா, ஆட்டுக்கறி. அப்பறம் 'மென்மையான வயிற்றுக்கு'ன்னு அச்சடிச்ச விலை ஒசந்தது, இப்படியே ஏழு அயிட்டம். ஒவ்வொண்ணையும் மொத நாள் ஆசையாத் தின்னும், மூணாம் நாள் கக்கும். நானும் சளைக்கலை, பாயும் சளைக்கலை. கம்பெனியில இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் அனுப்பற மாதிரி, ஜெர்சி கக்கினதைக் கிட்டக்க வெச்சுப் போட்டோ எடுத்து காலையில எட்டரைக்கு டாண்ணு எனக்கு வாட்ஸப்ல போட்டுடுவார்.

எட்டரை எங்க ஊட்ல டிபன் நேரம். ஒரு நாள் என் வீட்டுக்காரர் எட்டிப் பாத்துட்டுத் தட்டைத் தள்ளி வெச்சார்.

"ஏம்புள்ள, பூனை வயிறு எப்பச் சரியாகும்னு சொல்லு, அதுக்கப்பறம் நான் தேங்காச் சட்னி ஊத்திக்கறேன்."

மூஞ்சி மட்டும் தெரியற வீடியோ கால்

ஒரு சாயங்காலம் ஜெர்சியைக் கூடையில வெச்சுக் கடைக்குக் கொண்டு வந்தார். என் தராசுல வெச்சா ரெண்டு கிலோ அறுநூறு. நூர்ஜஹான் கிளம்பும்போது மூணரை கிலோவாம். முதுகுல கை வெச்சா எலும்பு தட்டுப்படுது. அந்த நேரம் பாத்து உடுமலையிலிருந்து வீடியோ கால். பாய் போனை ஜெர்சி மூக்குக்கு நேரா, ரொம்பக் கிட்டக்கப் பிடிச்சார். "என்னங்க, தினமும் மூஞ்சியை மட்டுமே காட்டறீங்க?"ன்னு அந்தப் பக்கமிருந்து குரல் வந்துச்சு. "சிக்னல் இல்லைம்மா"ன்னு கட் பண்ணிட்டார்.

சொல்லிடலாமுங்களே பாய்னு கேட்டேன். அவருக்குக் கண்ணு கலங்கிப் போச்சு.

"அங்க அவங்கம்மாவைத் தூக்கி உக்கார வெக்கறதுக்கே அவளுக்குத் தெம்பில்லீங்க, இதையும் சொன்னா அழுதுட்டே பஸ் ஏறிடுவா, முப்பது வருஷத்துல என்னை நம்பி அவ உட்டுட்டுப் போனது இந்த ஒரு ஜீவனைத்தான்."

மாட்டு டோக்கன்

அன்னைக்கே அவிநாசிபாளையம் பக்கம் இருக்கற ஒரு கால்நடை டாக்டர்கிட்ட டோக்கன் போடச் சொன்னேன். பாய் என் முன்னாலயே போன் போட்டு, "ஜெர்சிக்கு வாந்திங்க, சுத்தமாத் திங்கறதில்லைங்க"ன்னார். எடுத்த கம்பவுண்டர் நிதானமா, நடக்க வெச்சுக் கூட்டிட்டு வராதீங்க, டாக்டரம்மாவே தோட்டத்துக்கு வருவாங்க, எத்தனை லிட்டர் கறக்குதுன்னு கேட்டார். பாய் பதறிப் போய், அது பூனைங்க, ஜெர்சிங்கறது துணிப் பேருங்கன்னு விளக்கறதுக்குள்ள வேர்த்துக் கொட்டிடுச்சு. அவ்வளவு வெசனத்துலயும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை.

"உங்கூர்ல அது துணியா இருக்கலாமுங்க, இங்க நான் மாட்டு நோட்டுல எழுதிட்டேன், அடிச்செழுதினா டாக்டரம்மா திட்டுவாங்க."

ஏழு அயிட்டம்

டாக்டரம்மா சின்ன வயசு. ஜெர்சியை உருட்டி, அமுக்கி, காய்ச்சல் பாத்து, ரத்தமும் எடுத்துப் பாத்தாங்க. பூச்சி இல்லை, வேற கோளாறும் இல்லை. என்னென்ன குடுத்தீங்கன்னாங்க. கேக்கறதுக்குத்தான் காத்திருந்தவ மாதிரி, ஏழு அயிட்டத்தையும் வரிசையா ஒப்பிச்சேன். அவங்க பேனாவைக் கீழ வெச்சாங்க.

"மூணு வாரத்துல ஏழு மாத்தினா எனக்கே வாந்தி வருங்க" அப்படின்னாங்க. புதுச் சாப்பாடுன்னா பழசுல துளித்துளியாக் கலந்து ஒரு வாரம் பத்து நாள் எடுத்து மாத்தணுமாம். மொத நாள் நக்கினதை அப்ரூவல்னு எடுத்துக்கக் கூடாதாம். என் பாக்கெட் எதுலயும் தப்பில்லை, அடுத்தடுத்து எடுத்துக் குடுத்த நான்தான் தப்பு. இதைச் சொல்லிக்க இப்பவும் வெக்கமாத்தான் இருக்கு. பூனை பட்டினி கிடந்தா ஈரல் கெட்டுடும், இன்னைக்கே திங்க வெக்கணும், முன்னாடி எதைத் தின்னு நல்லா இருந்துச்சோ அதையே குடுங்கன்னாங்க. நான் பாயைப் பாத்தேன். பாய் ஜெர்சியைப் பாத்தார்.

"கிளம்பற அவசரத்துல ஏதோ சொன்னா, நான் காதுல வாங்கலீங்க, என்ன போடுவான்னு தெரியாதுங்களே, ஏதோ ஒரு சின்னச் சட்டியில வேக வெப்பா."

அரசாணிக்காய்

வெளிய வந்து என் கார்ல ஏறினதும் பாய் போனை எடுக்கறார், வெக்கறார், எடுக்கறார், வெக்கறார். கடைசியில நானே வாங்கி நூர்ஜஹானுக்குப் போட்டேன். என் தப்பு உள்பட ஒண்ணு விடாமச் சொன்னேன். அவங்க, கோழி நெஞ்சுக்கறி, தோலெடுத்து, உப்பு மஞ்சள் எதுவும் போடாம வேக வெச்சு உதுத்து, அதுல அரசாணிக்காயை, அதான் மஞ்சப் பூசணியை, மசிச்சு ரெண்டு ஸ்பூன் போடுங்கன்னாங்க. என் கடையில எந்த அலமாரியிலயும் இல்லாத அரசாணிக்காய்!

திரும்ப உள்ள போய்க் கேட்டதுக்கு டாக்டரம்மாவும் சரின்னு சொல்லி, கூடக் கலக்க ஒரு சத்துப் பொடி எழுதிக் குடுத்தாங்க. அன்னைக்கு ராத்திரி ஜெர்சி மூணு வாய் தின்னுச்சு. கக்கலை. அஞ்சாம் நாள் எட்டரைக்குப் பாய் ஒரு போட்டோ அனுப்பினார். ஜெர்சி வெளிக்குப் போற மணலுக்கு நடுவுல கெட்டியா, ஒழுங்கா இருந்துச்சு. அதைப் பாத்து நான் கைதட்டினேன்னா நம்புவீங்களா? அன்னைக்குக் கார்ல போனை வெக்கறதுக்கு முன்னாடி நூர்ஜஹான் சொன்னது மட்டும் இன்னும் காதுல இருக்கு.

"இத்தனை பேரு கூடிக் கூடிப் பேசுனீங்களே, எனக்கு ஒரு போன் போட ஒருத்தருக்கும் கை வரலியாக்கும்?"

பைனல் இன்ஸ்பெக்ஷன்

நூர்ஜஹான் ஊர் திரும்பின மறுநாள் கூடையோட கடைக்கு வந்துட்டாங்க. பின்னாடியே பாய். தராசுல ஜெர்சி மூணு கிலோ நூறு. ரோமம் பளபளன்னு, என் விரலைக் கடிக்கற அளவுக்குத் திமிரு. நல்ல வேளை, தப்பிச்சேன்னு நிமிந்து நின்னேன். அவங்க பூனையைப் பாக்கலை. பாயோட தோளைப் பிடிச்சு என் பக்கம் திருப்பினாங்க. அப்பத்தான் நானும் பாத்தேன். சட்டை தொளதொளன்னு தொங்குது, கன்னம் ரெண்டும் ஒட்டிப் போயிருக்கு. இத்தனை நாள் எதிர்ல நின்ன மனுசன்! பாய் தரையைப் பாத்துட்டு, டீயும் பன்னும் சாப்பிட்டேன்னு முணுமுணுத்தார்.

"பூனையை எடை போட்டீங்க, டாக்டர்கிட்டக் காட்டுனீங்க, எல்லாம் சரி தங்கச்சி, நாப்பது நாளா இந்த மனுசன் என்ன திங்கறாருன்னு நீங்களும் கேக்கலை, போன்ல தினமும் பூனையைக் காட்டச் சொன்ன நானும் கேக்கலை பாத்தீங்களா?"

இப்ப யார் வயித்துக் கோளாறுன்னு பூனையைத் தூக்கிட்டு வந்தாலும், பாக்கெட்டைத் தொடறதுக்கு முன்னாடி வழக்கமா இதுக்குச் சமைக்கறது யாரு, நீங்க சாப்ட்டீங்களான்னு ரெண்டு கேள்வி கேட்டுடறேன், அதனால வியாபாரம் கொஞ்சம் டல்லுதானுங்க.