திருத்தங்கலில் இறங்காத அக்கா

சென்னையில் ஒரே விடுதியில் தங்கி வேலை பார்த்த நானும் என் தோழியும், கையிலிருந்த காசுக்குத் தக்கபடி பஸ் மாறி மாறிக் குற்றாலம் போய்வரத் திட்டம் போட்டோம். விருதுநகரில் தென்காசி பஸ் ஏறியபோது அந்த அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாற்பது வயதிருக்கும். பட்டாசுக் கம்பெனியில் வேலையாம். நகக்கண்களில் வெள்ளி நிற மருந்து படிந்திருந்தது. யார் எதைச் சொன்னாலும் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

“குத்தாலத்துல என்ன விசேசம்?”

“விசேஷம் ஒண்ணுமில்லக்கா. சும்மா குளிக்கப் போறோம்.”

“சும்மா குளிக்க” என்றார். “மெட்ராஸ்லருந்து அம்புட்டுத் தூரம் சும்மாவா வாறீக?”

சிவகாசிக்குப் பக்கத்திலுள்ள அவருடைய ஊரான திருத்தங்கல் வந்ததும் காய்கறிப் பையோடு எழுந்தார். கண்டக்டர் விசில் ஊதும்வரை நின்று யோசித்தவர், மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

“எனக்கும் தென்காசிக்கு ஒரு டிக்கெட் குடுங்க.”

பிறகு என் செல்போனை வாங்கி வீட்டுக்காரரிடம் பேசினார். “நான் குத்தாலம் போறேன். யாருக்கும் ஒண்ணுமில்ல. சோறு வடிச்சு வச்சிருக்கேன், போட்டுச் சாப்பிடுங்க.”

அருவியில் எங்களுக்கு முன்னால் அவர்தான் ஓடிப்போய் நின்றார். காய்கறிப் பையை முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம். சாயங்காலம் ஈரச் சேலையோடு சிவகாசி பஸ் ஏறியவர், ஜன்னல் வழியே, “அடுத்தாப்புல கன்னியாகுமரி பாத்துருவோம்” என்றார்.

பெயரைக் கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. அன்று வீட்டில் என்ன கேட்டார்களோ, அவர் என்ன சொன்னாரோ, அதைத் தெரிந்துகொள்ள இன்றைக்கும் எனக்கு ஆசை.