வேலாயுதம் அங்கிள் வேனை நிறுத்திய ஐந்து நிமிடம்

கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து தமிழ்ப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை இருபத்திரண்டு வருடம் வேனில் ஏற்றிப்போனவர் வேலாயுதம். என் மூத்தவன் ஆறு வருடம் அவரோடுதான் போனான். இதெல்லாம் நடந்தபோது சின்னவளுக்கு அது நாலாவது வருடம். எங்களுக்கு அவர் வேன் அங்கிள், அவ்வளவுதான். அவர் மனைவியின் பெயர் சீதாலெட்சுமி என்பதையே எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். இங்கே எழுதுவதில் பாதி அந்த அக்கா சொன்னது. மீதி நான் பார்த்தது, பார்த்தும் வாயைத் திறக்காமல் இருந்தது.

அறுபத்து மூன்று வயதில் அவருக்கு அது ஆரம்பித்திருக்கிறது. கழிவறைக்குப் போனால் லேசில் வராது. வந்தாலும் சொட்டுச் சொட்டாக. முடிந்தது என்று வெளியே வந்தால் பத்து நிமிடத்தில் மறுபடியும் முட்டும். வெளியே சத்தம் கேட்கக்கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டு உள்ளே நிற்பாராம்.

"தண்ணி பில்லு ஏறுது. உள்ள என்னா பண்றீங்க?" என்று அக்கா கதவைத் தட்டினால், "ஒண்ணும் இல்ல, போ" என்பார். கட்டிய மனைவியிடமே ஏழு மாதம் சொல்லவில்லை.

அதற்குள் நெஞ்சுவலி வந்து, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போதுதான் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேறு வழியில்லாமல் இதையும் சொன்னார். அதுவும் எப்படி? எதிரே உட்கார்ந்திருந்தது ரமணி என்ற இளம் பெண் டாக்டர். தன் மகள் வயது. "யூரின் கொஞ்சம் லேட்டா வருது டாக்டர்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாராம்.

ரத்தம் சோதித்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை. புராஸ்டேட் சுரப்பி பெருத்து சிறுநீர்க்குழாயை நெருக்குகிறது, வயதான ஆண்கள் பலருக்கும் வருவதுதான் என்றார் டாக்டர்.

"ஆபரேஷன் பண்ணிடலாமா டாக்டர்?"

"இப்ப முடியாது அங்கிள். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை குடுத்திருக்காங்க இல்ல, அத ஒரு வருஷத்துக்கு நிப்பாட்டக்கூடாது. நெறைய பேருக்கு ஆபரேஷனே தேவப்படாது. மாத்திரை தரேன், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க. தலை சுத்தும், படுக்கையிலேர்ந்து மெதுவா எந்திரிங்க. கோப்பி, தேத்தண்ணி ரெண்டையும் கொறைங்க. தண்ணி பகல்ல குடிங்க, சாயங்காலத்துக்கு மேல வேணாம். ஒரு தடவ போனதும் அவசரமா வெளிய வராதீங்க, கொஞ்சம் நின்னு மறுபடியும் ட்ரை பண்ணுங்க. முக்கியமா அடக்காதீங்க. இன்னொண்ணு, சளிக்குக் கடையில கண்ட மாத்திரையும் வாங்கிப் போடாதீங்க. சுத்தமா அடைச்சுக்கும்."

எல்லாவற்றையும் கடைப்பிடித்தார். நாற்பது வருடம் குடித்த கோப்பியை ஒரே நாளில் விட்டார். இரண்டு மாதத்தில் பாதிக்குமேல் சரியானது. ஆனால் 'அடக்காதீங்க' என்பதைத்தான் பதினொரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மேரு சாலை நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும் மனிதர் எப்படிக் கடைப்பிடிப்பது?

அதற்கு உதவியவர் சனாவுல்லா. பள்ளிக்குப் போகும் வழியில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், அங்கிளுக்குப் பதினைந்து வருடப் பழக்கம். இந்த விஷயத்தை அங்கிள் மனம்விட்டுச் சொன்ன ஒரே ஆள். கடைக்குப் பின்னால் வேலையாட்களின் கழிவறை எப்போதும் பூட்டியிருக்கும். சனாவுல்லா அதன் சாவிகளில் ஒன்றை இவருக்கே கொடுத்துவிட்டார். "எப்ப வேணுமோ வாங்கண்ணே. யாரையும் கேக்க வேணாம்."

பெரும்பாலும் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகுதான் அங்கே போவார். ஒரு ஜூலை மாதக் காலையில் அது முடியவில்லை. முன்னால் ஒரு லோரி கவிழ்ந்து சாலை முழுக்க அடைத்துக்கொண்டது. ஐம்பது நிமிடம் வேன் நகரவில்லை. அடிவயிறு கல்லாக இறுகி, நெற்றியில் வியர்த்துக் கொட்டியிருக்கிறது. ஊர்ந்து ஊர்ந்து சனாவுல்லா கடை வாசலுக்கு வந்ததும் ஓரமாக நிறுத்தினார். எஞ்சினும் ஏர்கோனும் ஓடிக்கொண்டிருந்தன. ஆறாம் ஆண்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, "கதவ உள்ள லோக் பண்ணிக்கோம்மா, அங்கிள் தோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் எங்கள் தாமான் தாய் ஒருத்தி காரில் அந்தப் பக்கம் வந்தாள். ஓட்டுநர் இருக்கை காலி, பின்னால் பிள்ளைகள். படம் எடுத்து, வேன் பிள்ளைகளின் பெற்றோருக்கான வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள்.

அன்று மாலையே குழுவை நடத்தும் உஷாராணி வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் கூடினோம். அங்கிள் சட்டையை மாற்றி, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார்.

"எங்க போனீங்க அங்கிள்?" என்று கேட்டாள் உஷாராணி.

அவர் எங்களைச் சுற்றிப் பார்த்தார். பத்துப் பதினைந்து பேர். முக்கால்வாசிப் பெண்கள்.

"பசிச்சிச்சும்மா. நாசி லெமாக் சோறு ஒரு பொட்டலம் தப்பாவ் வாங்கப் போனேன்."

"பிள்ளைங்கள விட்டுட்டு நாசி லெமாக்கா? இருபது வருஷமா ஓட்டறீங்க, தெரியாதா லா?"

"தப்புதாம்மா. இனிமே நடக்காது."

ஆளாளுக்குக் கேட்டோம். எல்லாவற்றையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். கடைசியில், இன்னொரு முறை நடந்தால் வேன் கிடையாது என்ற எச்சரிக்கையோடு விட்டோம். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். சோற்றுக்கு அலைகிறவர் என்ற பெயரோடு தப்பித்துக்கொண்டார்.

அதோடு போயிருக்கும். மூன்று நாள் கழித்து உஷாராணி சனாவுல்லா கடையில் ரொட்டி வாங்கக் காத்திருந்தபோது, யாரிடமோ போனில் இதையே சொல்லிச் சிரித்திருக்கிறாள். சனாவுல்லாவுக்குப் பொறுக்கவில்லை.

"அவரு சாப்பிட வரலம்மா. அந்த மனுசனுக்கு மூத்திரம் போறதுல பெரச்சன. மருந்து சாப்பிடறாரு. ஒங்க கிட்ட சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு பொய் சொல்லிருக்காரு."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அன்று இரவு குழுவில் உஷாராணியின் செய்தி வந்தது. 'அங்கிளுக்கு உடல்நலப் பிரச்சினை இருப்பது இப்போதுதான் தெரிந்தது. பிள்ளைகளின் பாதுகாப்பு முக்கியம். அவருக்கும் ஓய்வு தேவை. அடுத்த மாதத்திலிருந்து வேறு வேன் ஏற்பாடு செய்யலாமா?'

ஒவ்வொருவராகக் கட்டைவிரல் போட்டார்கள். நானும் போட்டேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. யோசிக்கக்கூட இல்லை.

நாசி லெமாக்குக்காகப் பிள்ளைகளை விட்டுப்போனவரை மன்னித்தோம். நோய்க்காக நிறுத்தியவரை அனுப்பிவிட்டோம்.

மறுநாள் அவர் உஷாராணி வீட்டு கேட்டில் போய் நின்றிருக்கிறார். "டாக்டர் கிட்ட லெட்டர் வாங்கிட்டு வரேம்மா. ஓட்டலாம்னு எழுதிக் குடுப்பாங்க."

"லெட்டர் விஷயம் இல்ல அங்கிள். பொம்பளப் பிள்ளைங்க போற வேன். இந்த மாதிரி பெரச்சனன்னா... பேரண்ட்ஸ் யோசிப்பாங்க இல்ல?"

வீட்டுக்கு வந்து அந்த வார்த்தையை மட்டும் அக்காவிடம் சொன்னாராம். "பொம்பளப் பிள்ளைங்க போற வேனாம். நான் என்னா பண்ணிடுவேன்னு நெனைக்கிறா?" மூன்றாம் நாள் ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து ஆள் வரவழைத்து வேனை விற்றார். கொஞ்சம் பொறுங்கள் என்று அக்கா சொன்னதைக் கேட்கவில்லை.

பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டார். மாத்திரையை ஒருநாள் போடுவார், இரண்டு நாள் போடமாட்டார். ராத்திரி ஒன்பது மணிக்கு உட்கார்ந்து கோப்பி குடிப்பார். செப்டம்பரில் சளி பிடித்தபோது, மூக்கடைப்புக்குக் கடையில் மாத்திரை வாங்கி ஒரே நாளில் மூன்று போட்டார். டாக்டர் சொன்னது மறந்துபோய்ப் போட்டாரா, வேண்டுமென்றே போட்டாரா என்பது அக்காவுக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் விடிந்ததிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை. மதியத்தில் வயிறு உப்பி, தரையில் சுருண்டு கிடந்தார். மகன் குருவுக்கு சுபாங் ஜெயாவில் வேலை. அவன் வந்துசேர ஒரு மணி நேரமாகும். அக்காவுக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்த ஒரே ஆள் சனாவுல்லாதான். கூப்பிட்டதும் கடையை அப்படியே விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு வந்தார்.

வழியெல்லாம் அங்கிள் பின்சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். சனாவுல்லா கேட்டதற்கெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் குழாய் போட்டதும் ஒரு லிட்டருக்குமேல் வடிந்தது. அவர் அழுதுவிட்டார். வலி போனதற்கா வேறெதற்கா, யார் கேட்பது?

கட்டில் ஓரம் நின்றிருந்த சனாவுல்லா, "மன்னிச்சிடுங்கண்ணே. ஒங்க நல்லதுக்குன்னு நெனச்சுத்தான் சொன்னேன்" என்றார்.

"நீ பொய் சொல்லல பாய். நான் சொன்ன பொய்யையாவது விட்டு வெச்சிருக்கலாம்."

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை.

பத்து நாள் கழித்துக் குழாயை எடுத்தார்கள். தானாகவே வந்தது. இன்னொரு மாத்திரையும் சேர்த்தார்கள். இந்த முறை ஒழுங்காகப் போட்டார். ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் முடிந்ததும் இதய டாக்டர் ஆபரேஷனுக்குச் சம்மதம் தந்தார். டாக்டர் ரமணி மறுபடியும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "சிறுநீர் நல்லா வெளியேறுது அங்கிள். இப்போதைக்கு ஆபரேஷன் வேணாம், மாத்திரையே போதும். நல்லா கொண்ட்ரோல்ல வெச்சிருக்கீங்க" என்று பாராட்டினார்.

"ஆமா டாக்டர். வீட்டுலயே ஒக்காந்திருக்கேன். டோய்லெட் ஆறு அடி தூரம்தான்" என்றாராம் அவர்.

புதிதாக வந்த வேன்காரன் பதினொரு பேர் உட்காரும் இடத்தில் பதினெட்டுப் பேரை ஏற்றினான். ஒருநாள் சொல்லாமல் நின்றும்போனான். உஷாராணி அங்கிளைக் கூப்பிட்டு, "இப்ப ஒடம்பு ஓகேயா அங்கிள்? மறுபடியும் ஓட்ட முடியுமா?" என்று கேட்டாள். "ஓட்ட முடியும்மா. வேன்தான் இல்ல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை என்றார் அக்கா.

அந்த வாரம்தான் நான் அவர் வீட்டுக்குப் போனேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "பாப்பா நல்லா படிக்குதா?" என்று கேட்டார். படிக்கிறாள் என்றேன். மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று இழுத்தேன்.

"அன்னிக்கு வாட்ஸ்அப்ல நீங்களும் சரின்னு போட்டீங்களா?"

"ஆமா அங்கிள்."

தலையை ஆட்டினார். சத்தம் கேட்டு அக்கா வெளியே வந்து கேட்டைத் திறந்தார். அவர் உள்ளே போய்விட்டார். அதன் பிறகு அந்த வீட்டுக்குப் பலமுறை போயிருக்கிறேன். அக்கா பேசுவார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். நான் இருக்கும்வரை அவர் ஹாலுக்கு வருவதில்லை.