பாக்கர் வராத வாரங்கள்

சிங்கப்பூர் போய் வந்ததில் பாக்கருக்கு மூளை குழம்பிவிட்டதாம். ஏர்வாடி பஸ்ஸில் யாரோ சொன்னதாக என் தங்கை வந்து சொன்னாள். பாக்கர் என் பெரியம்மா மகன்; எங்கள் ஊர்ப் பேச்சில் எனக்குக் காக்கா, அதாவது அண்ணன். 1965-ல் நானும் சிங்கப்பூரிலிருந்துதான் விடுப்பில் வந்திருந்தேன். பயந்துபோய் அவர் வீட்டுக்கு ஓடினேன்.

அவர் வீடு என்றால் அவர் மனைவி மெஹருன்னிசாவின் வீடு. கீழக்கரையில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருப்பார்.

"என்ன காக்கா, ஊரே பேசுது?"

"அங்கன டெலிவிஷன்ல வாராவாரம் ஒரு குடும்பக் கதை போடுறான்ல? என் வாழ்க்கையை அப்படி ஓட்டிப் பாத்தேன்டா. என்னைக்கோ ஒரு வாரந்தான் நான் வாரேன். மத்த வாரமெல்லாம் இவளும் பிள்ளைகளும்தான். அப்ப இது யாரு கதை?"

அடுப்படியிலிருந்து மெஹருன்னிசா சிரித்தாள். "மச்சான் பெட்டியோட வருவாக, பெட்டியோட போவாக. அந்தப் பெட்டிதான் நல்லா நடிக்கும்."

"நான் போகாம இங்கனயே இருந்துட்டா?"

சிரிப்பு நின்றது. "இருந்து என்ன செய்வீக?" கோபமில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

அப்போது எதிர்க் கடைக்காரர் வாசலில் வந்து கத்தினார். "பாக்கரு! மெட்ராஸ் கப்பல் ஏஜெண்டு நம்ம கடை போன்ல, டிரங்கால்ல இருக்காரு. டிக்கெட் போடவா வேணாமான்னு இப்பவே சொல்லணுமாம்!"

இருவரும் தெருவைக் கடந்து ஓடினோம். ரிசீவர் மேசைமேல் கிடந்தது. அதை எடுக்காமல் பாக்கர் என்னைப் பார்த்தார்.

"நீயா இருந்தா என்னடா சொல்லுவே?"

ரிசீவருக்குள் யாரோ ஹலோ, ஹலோ என்று சன்னமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.