ஈரம் இருந்த எண்ணெய்

தெருவில் அவனுக்கு வடிகட்டி என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது. அவனுக்கு அதில் வருத்தமும் இல்லை. பதினாறு வருடம் டீசல் பம்ப் மெக்கானிக்காக இருந்தவன், ஒரு கேண்டீனின் பின்பக்கம் பொரித்து முடித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டுவதைப் பார்த்த நாளிலிருந்து வேறு ஆளாகிவிட்டான். கறுத்த எண்ணெயை டின் டின்னாக வாங்கிவந்து ஒரு வாரம் தெளியவிட்டு, துணியில் வடிகட்டி, காய்ச்சி, டீசல் வண்டிகளுக்கு ஊற்றினான். அந்த வண்டிகள் போனால் புகையில் பலகார வாசனை வரும். நாய்கள் கொஞ்ச தூரம் பின்னால் ஓடிப் பார்த்து ஏமாந்து திரும்பும். அவன் சட்டையிலும் அதே வாசனைதான். பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்குப் பசி எடுத்துவிடுகிறது என்பாள் அவன் மனைவி.

அவனை நம்பி முதலில் வண்டியைக் கொடுத்தவர் அத்தான், அக்காவின் கணவர். தையல் ஆலைப் பெண்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டினார். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. வடிகட்டி அந்த வேனில் இரண்டாவது டேங்க் வைத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சுவிட்ச் பொருத்தினான். டீசலில் கிளப்ப வேண்டும். எஞ்சின் சூடானதும் சுவிட்சைத் தட்டி எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் மறுபடி டீசலுக்கு. மறந்தால் எண்ணெய் குழாய்களிலேயே தங்கி, குளிரில் கெட்டியாகி, மறுநாள் பம்ப்பை இறுக்கிவிடும். அத்தான் ஒருநாளும் மறக்கவில்லை. அது அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். அதுதான் அவனைத் தின்றது.

எண்ணெயை வண்டியில் ஊற்றுவதற்கு முன் அவன் ஒரு சோதனை செய்வான். காலிச் சட்டியைச் சூடாக்கி இரண்டு சொட்டு விடுவான். பேசாமல் கிடந்தால் சரி. படபடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது, மறுபடி காய்ச்ச வேண்டும். ஒருநாள் சாயங்காலம் பொரிந்தது. ஏதோ ஒரு டின் மழையில் திறந்து கிடந்திருக்கிறது. மூன்று வேன் வைத்திருக்கும் பேக்கரி முதலாளி ஒருவர் அவன் வேலையைப் பார்க்கவென்றே வந்து நின்றிருந்தார். அவரிடம் அத்தான், இவன் எண்ணெயைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றலாம் என்று அளந்துகொண்டிருந்தார். சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்தினார்.

"என்ன மாப்ளே பொரியுது?"

"சட்டியக் கழுவினேன். அந்த ஈரம்" என்றான். ஊற்றினான்.

மறுநாள் காலை பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் நின்றது. எஞ்சின் நின்றால் அந்த வேனின் பிரேக் மிதி கல்லாகிவிடும், எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. பதினொரு பெண்களோடு வேன் பின்னால் உருண்டு, கைப்பிடிச் சுவரில் மோதி நின்றது. பட்டன் தைக்கும் பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு.

பம்ப்பைப் பிரித்தது அவன்தான். மோதியபின் நான்கு நாள் சும்மா நின்ற வேன். உள்ளே, கண்ணாடி போல் இருக்க வேண்டிய இரும்பில் துருப்புள்ளிகள். கெட்டியான எண்ணெய் துருவைக் கொண்டுவராது, தண்ணீர்தான் கொண்டுவரும். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அத்தானுக்கு அதைப் படிக்கத் தெரியாது. அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தபடி, விபத்துக்கு முந்தின நாள் கடைசி நடையில் சுவிட்சை மாற்றாமல் நிறுத்திவிட்டேனோ என்று கேட்டார்.

"இருக்கலாம்" என்றான்.

பிறகு துருவைத் தேய்த்தெடுத்தான். துடைத்த துணியை அடுப்பில் போட்டான்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அத்தான் தன்னையே பிரித்துப் பார்க்கத் தொடங்கினார். வேன் சாவியை ஆலையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று தடவை எழுந்துபோய்ப் பார்த்தார். 'பூட்டியாச்சு' என்று எழுதிக் கதவில் ஒட்டினார். கதவு திறந்து கிடந்தபோதும் அந்தச் சீட்டு அதையே சொன்னது. நல்லவேளை, என்னைக் கட்டிக்கொண்டதை மறக்கவில்லை என்று அக்கா கேலி செய்தாள். ஒரு வாரம் செய்தாள். அப்புறம் டாக்டரிடம் கூட்டிப்போனாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாராம் டாக்டர். அத்தான் பயத்தில் எண்பத்தாறிலேயே நின்றுவிட்டார்.

வடிகட்டி வாரத்துக்கு இரண்டு தடவை பழம் வாங்கிக்கொண்டு போனான். ஒவ்வொரு தடவையும் இன்று சொல்லிவிடுவது என்றுதான் கிளம்புவான். கதவைத் திறந்ததுமே அத்தான், உன் தொழிலுக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று வருத்தப்படுவார். பேக்கரிக்காரர் திரும்ப வந்தாரா என்று விசாரிப்பார். அவர் கேட்டுக்கொண்டிருக்கும் மன்னிப்பின் நடுவே தன்னுடையதை எங்கே நுழைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. பழத்தை வைத்துவிட்டு வந்துவிடுவான்.

ஒருநாள் மேஜைமேல் மாத்திரை அட்டை இருந்தது. ஞாபகசக்திக்கு என்றாள் அக்கா. ஏழு குழி காலியாக இருந்தது.

அன்று சொன்னான். மழை, டின், துரு, எரித்த துணி, ஒன்றையும் விடாமல் சொன்னான். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் பொறுமையாகக் கேட்டார்.

"சத்தம் வந்தப்ப நீங்ககூட கேட்டீங்களே அத்தான், என்ன பொரியுதுன்னு."

அத்தான் யோசித்தார். தேடத் தேட அவர் முகம் வெளுத்தது.

"நானா கேட்டேன்?" என்றவர் அக்காவைப் பார்த்தார். "பாத்தியா, அதுவும் ஞாபகம் இல்ல."

பிறகு அவன் முழங்காலில் கைவைத்து, "எனக்காக நீ பழிய ஏத்துக்க வேண்டாம் மாப்ளே" என்றார். மாத்திரைக்கு நேரமாகிவிட்டது என்று தண்ணீர் எடுக்கப் போனார்.

அக்கா, மடித்து வைத்த துண்டை உதறி மறுபடி மடித்தாள்.

"எத்தன நாளா தெரியும்?"

"ஊத்தும்போதே தெரியும்."

"நாப்பது நாளா உன் பழத்தத் தின்னிருக்கோம்" என்றாள்.

அவள் கத்தவில்லை. வீட்டு மனிதர்கள் யார் சொன்னாலும் பரிதாபப்பட்டுச் சொல்வதாகத்தான் இனி அவர் நினைப்பார், வேனில் இருந்தவர்கள் வந்து சொன்னால் ஒருவேளை நம்புவார் என்றாள். இரண்டு மணிக்கு ஆலை விடும். கை ஒடிந்தவளிடம் முதலில் சொல் என்றாள். அதற்கப்புறம் அவனிடம் யாரும் எண்ணெய் வாங்கப்போவதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. 

ஆலை வாசலில் அவன் முன்கூட்டியே போய் நின்றான். வேன் இல்லாததால் பெண்கள் இப்போது பஸ்ஸுக்கு நடந்தார்கள். கட்டுப் போட்ட கையைத் துப்பட்டாவில் தொங்கவிட்டபடி அவள் நடுவில் வந்தாள். அவன் குறுக்கே போய் நின்றதும் மற்றவர்களும் நின்றார்கள். யாரென்று கேட்டாள். வேனுக்கு எண்ணெய் ஊற்றியவன், அதைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றான். டிரைவர் அண்ணன் எப்படி இருக்கிறார் என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வந்தேன் என்றான்.

கட்டுப் போட்டவள் ரோட்டைப் பார்த்துவிட்டு மதில் ஓரத்துக்கு நகர்ந்தாள்.

"பஸ் வர பத்து நிமிஷம் ஆகும். சொல்லுங்க."

பத்துப் பேரும் அவளைச் சுற்றி வந்து நின்றார்கள். அவன் தன் சட்டை மணம் அவர்களுக்கு எட்டாதபடி ஓரடி பின்வாங்கி நின்று, சட்டியிலிருந்து ஆரம்பித்தான்.