மிஸ் ஓலீத்தாவுக்கு ஒரு வேட்டை வண்டி

வெர்லன் ஸ்டப்ஸுக்கு ஒரு காலத்தில் நான் நானூறு டாலர் கடன்பட்டிருந்தேன். ஓடாத கோல்ஃப் வண்டி ஒன்றை வாங்கிப் பழுதுபார்த்து விற்பதற்காகக் கொடுத்தான். விற்ற மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று தெற்கு ஜார்ஜியாவில் எங்கள் பக்கத்துப் பைன் காடு எதற்குள் போனாலும் என் ஹாய்ட் கொட்டகையில் தயாரான வேட்டை வண்டியின் தடம் இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் பொய்யாகிவிடும்.

வெர்லன் மர ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவன். பேச்சுக் குறைவு. இருவருக்கும் சேர்த்து அவன் மனைவி ஓலீத்தா, எங்கள் ஊர் மரியாதைக்கு மிஸ் ஓலீத்தா, பேசிவிடுவார். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர். துப்பாக்கி பிடித்தால் புருஷனைவிடக் குறி தப்பாதவர். கல்யாணமான வருஷத்திலிருந்து அக்டோபரில் மான் வேட்டை தொடங்கும் முதல் சனிக்கிழமை இருவரும் காட்டில்தான். ஒரு வருஷம் கோடையில் அவர் கால்கள் ஓய ஆரம்பித்தன. டாக்டர் நோய்க்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். மருந்தின் பெயர் எதையும் சொல்லவில்லை.

ஜூலையில் கொட்டகைக்கு வந்தார்கள்.

"ஹாய்ட், ஒரு வண்டி வேணும்டா. இவளைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். பேரப்புள்ளைங்களையும் ஏத்தணும்" என்றான் வெர்லன்.

உயரம் தூக்கி, பெரிய டயர் போட்டு, இலைநிறம் அடித்த வண்டியைக் காட்டினேன். "எல்லாரும் இதுக்குத்தான் அடிச்சுக்கிறாங்க, மிஸ் ஓலீத்தா."

அவர் படியைப் பார்த்தார். "இதுல ஏறணும்னா எனக்கு இன்னொரு வண்டி வேணுமேடா."

தாழ்வான பேட்டரி வண்டியாகப் பார்த்தோம். வெர்லன் விலையைப் பார்த்து, "பெட்ரோல் வண்டி மலிவாச்சே?" என்றான்.

"அது போடுற சத்தத்துக்கு மான் ஃப்ளோரிடாவுக்கே ஓடிடும்."

"சத்தத்துக்குத்தான் நான் இருக்கேனே" என்றார் மிஸ் ஓலீத்தா.

ஈர மணலில் புதையாமல் இருக்கக் கனமில்லாத லித்தியம் பேட்டரியே போட்டேன். பின்சீட்டை மடக்கினால் பலகையாகிவிடும். பிள்ளைகள் உட்காரலாம், மானையும் கிடத்தலாம். வெர்லன் தன் மீன்பிடிப் படகை விற்றுப் பணம் கட்டினான்.

ஆகஸ்டில் திரும்பி வந்தார்கள். மிஸ் ஓலீத்தா பக்கவாட்டில் சரிகிறாராம். கைப்பிடியும் பெல்ட்டும் வைத்தேன். செப்டம்பரில் கழுத்து நிற்கவில்லை. பழைய வேன் சீட்டிலிருந்து தலைதாங்கியை எடுத்துப் பற்றவைத்தேன். என் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் நான் அடித்த பெயின்ட் காய்வதற்குள் அவர் உடம்பு அடுத்த படிக்கு இறங்கியிருக்கும்.

வேட்டைக்கு முந்தின நாள் பின்பலகையில் மெத்தை விரித்து அவரைப் படுக்கவைத்துப் பார்த்தோம்.

"மானைப் போடுற எடத்துல என்னைப் போட்டுட்டீங்க. சுட்ட மானுக்குக் கட்டுற மாதிரி காதுல சீட்டு மட்டும் கட்டிடாதீங்கடா."

நான் சிரித்தேன். வெர்லன் சிரிக்கவில்லை. ஸ்பேனர் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் விடியலில், அவரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும் என்பதால் நானும் போனேன். பைன் ஊசிகள்மேல் வண்டி சத்தமே இல்லாமல் ஊர்ந்தது. பாதி வழியில் மிஸ் ஓலீத்தா கையை அசைத்தார். படுத்தால் மூச்சு வரவில்லை. தூக்கி உட்காரவைத்தோம், தலை முன்னால் தொங்கி அப்போதும் மூச்சு முட்டியது. வெர்லன் தலையைப் பிடித்தான், நான் முதுகைப் பிடித்தேன். ஓட்ட ஆளில்லை. வண்டியில் எதுவும் கெடவில்லை. கெட்டிருந்தால் சரிசெய்திருப்பேன்.

"வீட்டுக்குப் போ, வெர்லன்" என்றார், மூச்சு கொஞ்சம் சீரானதும். காட்டுக்குள் வந்தபின் அந்த வார்த்தையை அவர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. வெர்லன் அவரை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொள்ள, நான் திருப்பி ஓட்டினேன்.

மாதக் கடைசியில் வெர்லன் தனியாக வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான்.

"எடுத்துக்க. ராத்திரிக்கு நர்ஸ் வைக்கணும். இன்ஷூரன்ஸ்காரன் முடியாதுன்னுட்டான்."

"புள்ளைங்களுக்கு வேணாமா?"

"அதுங்களுக்குக் கால் இருக்கு."

"நீ கட்டினதை அப்படியே தர்றேன்."

"ஓட்டின வண்டிக்கு வேத்தாளா இருந்தா என்ன குடுப்பே?"

"நீ வேத்தாளாடா?"

"ஹாய்ட், அடுத்த மாசம் டிரக்கை விக்க வரணும். நீ இரக்கப்பட்டா என்னால வர முடியாது."

இந்தக் காட்டுப்பக்கமெல்லாம் விலைபேசி ஜெயித்தவன் நான். அவனிடம் ஒரு டாலர்கூட ஏற்ற முடியவில்லை. சந்தை விலையைச் சொன்னேன். தலையாட்டினான். பணப்பெட்டியைத் திறந்து எடுத்து, அவன் விரித்த உள்ளங்கையில் நூறு நூறாக எண்ணி வைத்தேன்.