மெக்கானிக் வராத முடிவு

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்குகிறவர். அவர் கதை எழுதுவார் என்பது கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் என்ன, வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? குடிக்காத, சீட்டாடாத மனிதருக்கு ஏதாவது ஒன்று இருக்கத்தானே செய்யும் என்று விட்டிருப்பேன்.

ஆனால் எழுதுவதையாவது காதல் கதை, குடும்பக் கதை என்று ஒழுங்காக எழுதக் கூடாதா? இவர் எழுதுவதெல்லாம் நடக்காத விஷயம். மனிதர்கள் நிழலை அடகு வைக்கும் ஊர். மழை கீழிருந்து மேலே பெய்யும் கிரகம். நாளைக்கு வரப்போகும் போனுக்கு இன்றைக்கே பதில் சொல்லும் இயந்திரம். வேலை செய்யும் இடத்தில் இவருக்கு 'வேற்றுக்கிரகம்' என்றே பேர். "வேற்றுக்கிரகம் எங்கப்பா?" என்று சூப்பர்வைசர் கேட்டால், "மொட்டை மாடியில தரையிறங்கியிருக்கு சார்" என்பார்களாம்.

அது உண்மைதான். லிஃப்டின் மோட்டார் அறை கட்டடத்தின் உச்சியில் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் இவர் அங்கே ஒரு காலி பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். ஒரு கையில் சோற்றுக் கரண்டி, மறு கையில் போன். கட்டைவிரலால் தட்டித் தட்டியே ஒரு கதையை முடித்துவிடுவார். சாப்பாட்டு டப்பாவில் நான் கட்டிக்கொடுத்ததில் பாதி அப்படியே திரும்பி வரும். அதற்கு நான் போடுகிற சத்தம் கீழ் வீட்டுக்குக் கேட்கும்.

எழுதியதைப் பத்திரிகைகளுக்கு அனுப்புவார். பெரும்பாலும் பதிலே இருக்காது. வந்தால், 'தங்கள் படைப்பு எங்கள் இதழின் தன்மைக்குப் பொருந்தவில்லை' என்று ஒரு வரி. நான் லாண்ட்ரிக் கடையில் துணி வாங்கிப் போடுகிறவள். இந்தக் கறை போகாது என்றால் போகாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவோம். அதைச் சொல்ல இவர்களுக்கு ஆறு மாதம் ஆகிறது.

கொஞ்சம் கொஞ்சமாக ஏதோ நகர்ந்தது என்று வையுங்கள். இணைய இதழ் ஒன்று மேலே பெய்யும் மழையைப் போட்டது. படித்தது இவர், நான், அதைப் போட்டவர், மூன்று பேர். பிறகு ஒரு சிறுபத்திரிகை, நிழல் கதையைப் போட்டு இரண்டு பிரதி அனுப்பி வைத்தது. ஆனால் இவருக்கு ஆசையெல்லாம் காசு கொடுக்கும் பத்திரிகை ஒன்று தன் கதையை வாங்க வேண்டும் என்பதுதான். "சும்மா வாங்கிக்கிறவங்க நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க. காசு குடுக்கறவங்க பொய் சொல்ல மாட்டாங்க" என்பார்.

அப்படிப்பட்ட ஒரு வாரப் பத்திரிகையின் ஆசிரியை ஒருநாள் போனில் கூப்பிட்டார். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"உங்க கதையில இயந்திரமெல்லாம் நல்லா ஓடுது தம்பி. ஏறுறதுக்குத்தான் ஆளைக் காணோம். உங்களுக்குத் தெரிஞ்ச மனுஷங்க யாருமே இல்லையா?"

இருந்தார்கள். அதுதான் வினையாகிப் போனது.

இவருக்கு ஓர் அக்கா. எனக்கு நாத்தனார், நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். பல் மருத்துவமனையில் உதவியாளர். டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுப்பார், அழுகிற குழந்தைகளை மடியில் போட்டுக்கொள்வார். அண்ணிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்தது, அழவில்லை. அத்தோடு சரி. பிறகு வேறு குழந்தையும் தங்கவில்லை. அண்ணியின் வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆனால் அந்தப் பேச்சை எடுத்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அதனால் அண்ணி அதைப் பேசுவது தம்பியிடம் மட்டும்தான். அதுவும் வருஷத்தில் ஒரு நாள், குழந்தை பிறந்த அந்த நாளில். பால்கனியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். வேறென்னவோ பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணி சொல்வார், "இப்ப முன்பல்லு ரெண்டும் ஆட ஆரம்பிச்சிருக்கும்டா." அடுத்த வருஷம், "முன்னாடி முளைச்சிருக்கும். பெருசா, முயல் பல்லு மாதிரி. இந்த வயசுல எல்லாப் புள்ளைக்கும் அப்படித்தான்." போன வருஷத்துக்கு முந்தின வருஷம், "கோரைப்பல்லு விழுந்திருக்கும். சொல்லாம கொள்ளாமத் துப்பிட்டு வந்து நிப்பா."

இவர் "ம்" என்பார். வேறொன்றும் சொல்ல மாட்டார். அண்ணிக்கும் அந்த 'ம்' போதும். எனக்கே இது சமையலறை ஜன்னல் வழியாகக் காதில் விழுந்துதான் தெரியும்.

ஆசிரியை பேசிய அடுத்த வாரம் இவர் எழுதிய கதை இதுதான். பழைய கட்டடம் ஒன்றில் லிஃப்ட். வருஷத்தில் ஒரு நாள் மட்டும் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடும். கதவு திறந்தால் அங்கே ஒரு நீள வராந்தா. பிறந்தும் வராமல் போன பிள்ளைகள் அங்கே வளர்கிறார்கள். ஒரு தாய் அந்த நாளில் லிஃப்டில் ஏறுகிறாள். அவள் பெண் ஓடி வந்து, விழுந்த முன்பல்லை உள்ளங்கையில் வைத்துக் காட்டுகிறது. கதவு மூடிவிடும். அடுத்த வருஷம் கோரைப்பல். கடைசியில் ஒரு வருஷம் அந்தப் பெண் வாசல் தாண்டி உள்ளே கால் வைக்கிறது. தாயும் மகளுமாகக் கீழே இறங்கி வீட்டுக்குப் போகிறார்கள்.

லாண்ட்ரி மேஜையில் உட்கார்ந்து போனில் படித்தேன். யாருடைய சட்டையிலோ முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, இது அண்ணி."

"பேரா போட்டிருக்கேன்? யாருக்குத் தெரியப் போவுது?"

"அண்ணிக்குத் தெரியாதா?"

"அக்கா எங்க இதெல்லாம் படிக்குது?"

"ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்புங்க. சொல்லிட்டேன்."

"கேக்கறேன், கேக்கறேன்" என்றார். கேட்கவில்லை. அண்ணி அந்த வாரம் வீட்டுக்கு வந்து முழுதாக ஒரு பொழுது இருந்துவிட்டுப் போனார். இவர் விசிறியைத் துடைத்தார், குழாயை முடுக்கினார், வாயை மட்டும் திறக்கவில்லை.

ஆசிரியை மறுபடி கூப்பிட்டபோது இவர் மோட்டார் அறையில் இருந்தாராம். கதை பிரமாதம், ஆனால் முடிவு பொய்யாக இருக்கிறது என்றாராம். "அந்தப் புள்ள வரக் கூடாது தம்பி. கதவு மூடணும். மாத்திக் குடுத்தீங்கன்னா இந்த வாரமே போட்டுடலாம்." சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் மாற்றி அனுப்பிவிட்டார். சோறு அன்றைக்கும் பாதி திரும்பி வந்தது.

புது முடிவில் லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் வருகிறான். யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். கதவுப் பூட்டில் ஒரு திருகு தளர்ந்திருப்பதைக் கண்டுபிடித்து முடுக்குகிறான். மேலும் கீழும் ஓட்டிப் பார்க்கிறான். எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறான். அடுத்த வருஷம் அந்த நாளில் தாய் ஏறுகிறாள், லிஃப்ட் நேரே அவள் மாடியில் போய் நிற்கிறது. அவ்வளவுதான் கதை. அந்தத் திருகைப் பற்றி இவர் எழுதியிருந்த அழகைப் பார்த்தால் தொழில் தெரிந்தவன் எழுதினது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அதில் அவருக்கு ஒரே பெருமை.

பத்திரிகை வந்தது. பெரிய எழுத்தில் பேர், லிஃப்ட் படம், காசும் வந்தது. வேலை செய்யும் இடத்தில் சூப்பர்வைசர் எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்தாராம். நானும் லாண்ட்ரிக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டினேன், பொய் சொல்வானேன். இவர் ஊருக்கெல்லாம் பிரதி கொடுத்தார், அக்காவுக்கு மட்டும் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக வந்த காசில் அக்காவுக்கு ஒரு நல்ல கைப்பை வாங்கிக் கொடுத்தார். "எதுக்குடா இதெல்லாம்?" என்று அண்ணி கேட்டதற்கு, "போனஸ் வந்துச்சுக்கா" என்றார். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த எனக்கு அவர் முதுகில் ஒன்று வைக்கலாமா என்றிருந்தது.

இத்தனை யோசித்தவர் ஒன்றை யோசிக்கவில்லை. பல் மருத்துவமனையில் காத்திருக்கிறவர்கள் புரட்டிப் பார்க்கப் பத்திரிகை வாங்கிப் போடுவது அண்ணியின் வேலை. வாராவாரம் வாங்குகிற மூன்றில் இதுவும் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி வந்தார். அந்தக் கைப்பைதான் தோளில். காபி கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். பையைத் திறந்து பத்திரிகையை எடுத்து மேஜைமேல் வைத்தார். இவருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"உன் பேரைப் பார்த்ததும் டாக்டர்கிட்ட ஓடிப்போய்க் காட்டினேன். என் தம்பி எழுதினதுன்னு. நான் இன்னும் படிக்கக்கூட இல்ல. அவர்தான் முதல்ல படிச்சார்."

"அக்கா, நான் வந்து…"

"பல்லெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க."

நான் அடுப்படிக்குப் போய்விடலாமா என்று பார்த்தேன். அண்ணி பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். ஏன் என்னைக் கேட்கவில்லை, ஏன் என் கதையை ஊருக்குச் சொன்னாய் என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"மெக்கானிக்கை ஏண்டா கூப்பிட்ட?"

"என்னக்கா?"

"அது பாட்டுக்கு நின்னு நின்னு போயிட்டிருந்துச்சு. யாருக்கு என்ன கஷ்டம்? வருஷத்துல ஒரு நாள். ரெண்டு மாடிக்கு நடுவுல, ரெண்டு நிமிஷம். அவன் அன்னிக்கு ஒரு நாள் லீவு போட்டிருக்கக் கூடாதா?"

இவர் அழுதார். அவர் அம்மா போனபோதுகூட எல்லாரையும் தேற்றிக்கொண்டிருந்த மனிதர். "முதல்ல அப்படி எழுதலக்கா. சத்தியமா. முதல்ல அவ வந்துட்டா. லிஃப்ட்ல ஏறி, கீழ இறங்கி, வீட்டுக்கு வந்துட்டா."

அண்ணியின் முகம் ஒரு நொடி மாறியது. அதை நான் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

"வீட்டுக்கு வந்துட்டாளா?"

"வந்துட்டா."

"அப்புறம் ஏன்?"

"பத்திரிகையில அந்தம்மா மாத்தச் சொன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன்."

"உடனேயா?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். யோசிச்சேன், மனசே இல்லாமத்தான் சரின்னேன் என்று ஒரு பொய்யாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. சொல்லவில்லை. "பழசு போன்லயே இருக்குக்கா. எடுத்துத் தரேன். படிக்கிறியா?" என்றார்.

"வேணாம்டா. அனுப்பிட்ட புள்ளையை மறுபடி எப்படிக் கூப்பிடறது?"

காபியை மிச்சம் வைக்காமல் குடித்தார். என் தலையைத் தடவி, "வரேம்மா" என்றார். பத்திரிகையைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார், "ஆஸ்பத்திரிக் கணக்குல வாங்கினது, மேஜையில போடணும்" என்று. கதவு வரைக்கும் போய்த் திரும்பி, "நல்லா எழுதற, விட்டுடாத" என்று வேறு சொன்னார். அதற்கு நாலு அறை அறைந்திருக்கலாம்.

இவர் விட்டுவிடவில்லை. அதற்குப் பிறகு மூன்று கதை விற்றிருக்கிறது. ஆசிரியை பாராட்டுகிறார், இப்போது லிஃப்டில் ஆட்கள் ஏறுகிறார்களாம். ஆனால் ஒவ்வொரு கதையையும் அனுப்புவதற்கு முன் என்னிடம் கொண்டுவந்து நீட்டுகிறார். "இது யாராவது மாதிரி இருக்கா பாரு" என்பார். "யாரு மாதிரியும் இல்ல, போங்க" என்று சொன்ன பிறகும் இன்னொரு தரம் படிக்கச் சொல்வார். ஒரு கதையை நான் நன்றாக இருக்கிறது என்று சொன்ன ஒரே காரணத்துக்காக அனுப்பாமலே வைத்திருக்கிறார்.

போன வாரம் அந்த நாள் வந்தது. அண்ணி வருவாரோ மாட்டாரோ என்று இவர் லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தார். வந்தார். எப்போதும் போலவே பால்கனியில் உட்கார்ந்தார்கள். நான் சமையலறை ஜன்னலை இந்தத் தடவை வேண்டுமென்றே திறந்து வைத்தேன். அண்ணி மருத்துவமனைக்கு வந்திருக்கும் புது நாற்காலியைப் பற்றிச் சொன்னார். தன் வீட்டுக்காரருக்கு ரத்த அழுத்தம் என்றார். எதிர் வீட்டில் பெயிண்ட் அடிப்பதைப் பார்த்து, என்ன நிறம் இது, கண்ணை உறுத்துது என்றார். பேச்சு நின்ற இடத்திலெல்லாம் இவர் நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்தார். 'ம்' சொல்வதற்குத் தயாராக. அண்ணி வேறு பேச்சை எடுத்தார். வெயில் இறங்கியதும், பஸ் கூட்டமாகிவிடும் என்று எழுந்து போய்விட்டார்.

இவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். காபி கொண்டுபோய் வைத்தேன். போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். அடுத்த கதையாக்கும் என்று எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு வயதில் எந்தப் பல் முளைக்கும் என்று தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன பல்லுங்க?"

"கடவாய்ப்பல்லு. ரெண்டாவது."

"அண்ணிக்கு ஒரு போன் போட்டு நீங்களே கேளுங்களேன். இந்த வருஷம் என்ன பல்லுக்கான்னு. சொல்வாங்க."

போனைக் கவிழ்த்து வைத்தார்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது?" என்றார்.