சுருதி சேர்க்கும் பெண்

அத்தான் அந்தப் படத்தை, நாங்கள் குடியேறிய மிச்சம் என்ற ஊரின் கடைத்தெருவில், பழைய சாமான் விற்கும் ஒரு சரிட்டிக் கடையில் வாங்கி வந்தார். மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த ஜப்பானியப் படம். கிமோனோ உடுத்திய ஒரு பெண், மடியில் நீண்ட கழுத்துள்ள மூன்று கம்பி வாத்தியம். அத்தான் அதற்குமேல் யோசிக்கவில்லை. பெண், கையில் வாத்தியம், ஆகவே அது ஜப்பான்காரரின் சரஸ்வதி. கண்ணாடியில் சந்தனப்பொட்டு வைத்து, ஹோலில் சாமித்தட்டுக்கு மேலே மாட்டிவிட்டார்.

அக்கா சிரித்துவிட்டாள். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியால் திரும்பிய பிறகு அவள் சிரித்து நான் அன்றைக்குத்தான் கண்டேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தாலும், பழைய நக்கல் அப்படியே இருந்தது.

"இந்த மனுசனை என்ன செய்யிறது? அது ஆரோ ஒரு வீட்டுப் பொம்பிளை. சந்தனமும் வச்சுப்போட்டார்."

"இருக்கட்டுமே. வீணை மாதிரித்தானே கிடக்கு," என்றார் அத்தான்.

அக்காவின் இடது கை மடியில் சும்மா கிடந்தது. ஷிப்ட் முடிந்து வந்ததும், கோட்டைக்கூடக் கழற்றாமல் வீணைக்கு முன்னால் இருந்துவிடுகிறவள் அவள். கை மெல்ல மெல்ல வரும் என்று பிசியோ பார்க்க வரும் பிள்ளை சொன்னாள். நாங்களும் நம்பினோம். நம்பாமல் வேறென்ன செய்வது?

அவளுக்குப் பொழுது போகட்டும் என்று லைப்ரரியில் இருந்து அதே மாதிரிப் படங்கள் உள்ள புத்தகம் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குழல் ஊதும் பெண்கள், தரையில் கிடத்திய நீண்ட வாத்தியத்தை மீட்டும் பெண்கள். அக்கா முகங்களைப் பார்க்கவில்லை. இடது கைகளையே பார்த்தாள். விரல்நுனி கம்பியில் அழுந்துவதைக்கூட மரத்தில் செதுக்கியிருந்தார்கள். எனக்குப் புத்தகத்தைப் பறித்து மூடிவிடலாம் போல் இருந்தது.

"அத்தான்ரை படத்தை வடிவாப் பாத்தனியே?" என்று கேட்டாள். "அவ வாசிக்கேல்லை. பிருடையைத் திருகிக் கம்பியை இறுக்கிறா. சுருதி சேர்க்கிறா."

நவராத்திரி வந்தது. சரஸ்வதி பூசைக்கு வாத்தியத்தை வைத்தால், மறுநாள் விஜயதசமியன்று அதை எடுத்து ஒரு வரியாவது வாசிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது தவறியதில்லை.

"இந்தமுறை வீணையை வைக்காதேங்கோ," என்று அக்கா அத்தானிடம் சொன்னாள். "வச்சால் எடுக்கவேணும்."

அத்தான் வைத்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. சொன்னது விளங்காத மனுசன் என்று மனதுக்குள் திட்டினேன். விளங்கித்தான் வைத்திருக்கிறார் என்பது விடிந்த பிறகுதான் தெரிந்தது.

குளித்து, வேட்டி கட்டி வந்து, அக்காவைச் சோபாவில் இருத்தி, வீணையை அவளுக்கு முன்னால் ஒரு சின்ன மேசையில் வைத்தார். அவளுடைய இடது பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தார்.

"நீர் வலக்கையாலை மீட்டும். எங்கை அமத்திறதெண்டு சொல்லும், நான் அமத்திறன்."

முதல் சுரம் நன்றாகவே விழுந்தது. அடுத்ததில் அவருடைய தடித்த விரல் வழுக்கியது, கம்பி கரகரத்தது. திரும்பவும் முயன்றார். திரும்பவும் அதே கரகரப்பு. அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். செவியில் அவளுக்கு ஒரு குறையும் வரவில்லை, அதுதான் கொடுமை.

"போதும்," என்று அவருடைய கையைத் தடவினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீ கம்பியளை இளக்கிவிடு. இறுக்கத்தோடை விட்டால் வீணைத் தண்டி வளைஞ்சுபோம்."

இனி வாசிக்கப்போவதில்லை என்ற வீணையைத்தான் அப்படி இளக்கி வைப்பார்கள். ஒவ்வொரு பிருடையாக நான் திருப்பினேன். கம்பிகள் தொய்யத் தொய்ய ஒலி இறங்கி அடங்கியது.

அத்தான் எழுந்து, சுவரில் இருந்த படத்தைக் கழற்றப் போனார்.

"அதை ஏன் கழட்டுறியள்? அவ இருக்கட்டும்," என்றாள் அக்கா. "அவ இன்னும் வாசிக்கத் தொடங்கேல்லை."

படத்தைப் பிடித்தபடியே, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அத்தான் அழுதார்.